நாலாம் எண்ணுக்கு ஆள் இல்லை

பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிட டெலிபோனுக்கு எண் வைப்பது கஷ்டம் சார். பிள்ளை வாயைத் திறந்து இந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லாது. எங்கள் கடையில் ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் சார், சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னீர்கள். அங்கிருந்து ஆரம்பித்தால் ஏதோ நான் கெட்டவன் மாதிரித் தெரியும். டெலிபோன் வந்த கதையிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். தட்டச்சு அடிக்கிற தம்பிக்கு விரல் வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

எங்களுடையது சிராங்கூன் ரோட்டில் உறைந்த ஆட்டுக்கறியும் மீனும் விற்கிற கடை. முதலாளி மருதப்பன், கூட்டாளி லிம் தவ்கே. சீன முதலாளியைத் தவ்கே என்பதுதானே வழக்கம். ஆடு ஆஸ்திரேலியாவில் செத்து, கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, எங்கள் குளிர் அறையில் கொஞ்ச நாள் தொங்கிவிட்டுப் பிரியாணிக் கடைகளுக்குப் போய்ச் சேரும். முன்னால் கடை, மாடியில் ஆபீஸ், பின்னால் சந்துப் பக்கம் ஸ்டோர், ஸ்டோரின் கோடியில் குளிர் அறை. எனக்கு ஸ்டோரில் வேலை. இறக்குவது, சுமப்பது, கொக்கியில் மாட்டுவது, கழற்றுவது. என் முதுகை ஆட்டுக்கென்றே நேர்ந்துவிட்டாகிவிட்டது.

அந்தக் காலத்தில் கடைக்கு ஒரே டெலிபோன், முன்னால் கல்லாவுக்குப் பக்கத்தில். கல்லாவில் ஆமினா பீவி இருப்பார். யாராவது கூப்பிட்டால் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “முத்தண்ணே, தொடக்கறி எவ்ளோ இருக்கு?” என்று ஒரு கத்து. நான் பின்னாலிருந்து பதிலுக்குக் கத்துவேன். எதிர்ச் சாரி நகைக்கடைக்காரருக்குக்கூட எங்கள் இருப்பு மனப்பாடம். யாருக்கும் இதில் குறை இல்லை.

எட்மண்ட் தம்பி மேனேஜராக வந்த பிறகுதான் குறை இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. பாலிடெக்னிக் படித்தவர், முப்பது ஆகவில்லை. ஆட்டுக்கறிக் கடையில் டை கட்டிய முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். ஒரு நாள் அந்த டை எலும்பு அறுக்கும் மெஷினில் மாட்டப் பார்த்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தது நான். இதையும் அடித்துக்கொள்ளுங்கள் தம்பி. எனக்கு அவர்மேல் ஏதாவது இருந்திருந்தால் அன்றைக்கே அந்த சுவிட்சுக்கு மெதுவாக நடந்து போயிருக்கலாம்.

இனிமேல் கத்தக் கூடாது என்றார் எட்மண்ட். வெளியே பேச மூன்று லைன், உள்ளே ஆளுக்கொரு கருவி, எல்லாவற்றையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு எக்ஸ்சேஞ்சுப் பெட்டி. பெட்டி கோழிக்கூண்டு அளவு இருந்தது. வடிவேலு என்கிற டெக்னீஷியன் வந்து அதைச் சுவரில் மாட்டினார். கம்பி இழுக்கிற வேலை எனக்கு. மேல்தட்டுப் பலகைக்குள் நான் தவழ்ந்து போனபோது, எனக்கு முன்னால் அங்கே குடியிருந்த எலிகளின் பேரன் பேத்திகளையெல்லாம் பார்த்தேன். குளிர் அறைச் சுவர் தகரம், நடுவில் தக்கை, மறுபடி தகரம். அதைத் துளைத்துக் கம்பியை விட்டு, ஓட்டையை கிரீஸ் வைத்து அடைத்தேன். நல்ல வேலை. வடிவேலுவே சொன்னார்.

பிறகு எண் கொடுக்கும் படலம். ஒன்றிலிருந்து எட்டுவரை எண்கள். ஒருமுறை வைத்தால் மாற்றக் கூடாது, நிரந்தரம் என்றார் வடிவேலு. இரண்டு கருவிக்கு ஒரே எண் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கும், அவன் எடுப்பான் என்று இவனும் இவன் எடுப்பான் என்று அவனும் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே ஆளுக்கொன்று, அழுத்தமாக.

“எட்டு வேணாம்பா,” என்றார் முதலாளி. “நான் பொறந்ததே எட்டாந்தேதி. அதுக்கே இன்னும் அனுபவிச்சிக்கிட்டு இருக்கேன்.”

அவருக்கு ஒன்று. லிம் தவ்கே எட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார், சீனருக்கு எட்டு என்றால் செல்வம். நாலைக் காட்டியதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நாலு அவர்களுக்குச் சாவு. ஆபீசில் டெலிபோனைக் கவனிக்கிற பிரிஜட் மூன்றை எடுத்தாள், பரிசுத்தத் திரித்துவமாம். கணக்கு மேசைக்கு இரண்டு, எட்மண்டுக்கு ஐந்து.

ஆமினா பீவி, “எனக்கு ஏழு, எட்டு, ஆறு மூணையும் சேத்துக் குடுங்க தம்பி, பிஸ்மில்லா நம்பரு, பரக்கத்தா இருக்கும்,” என்றார்.

“ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்தான்லா ஆன்ட்டி,” என்றார் எட்மண்ட்.

“ஒண்ணா இருந்தத மூணு பக்கமும் பிரிச்சிட்டீங்களே,” என்று சொல்லிவிட்டு ஏழை வாங்கிக்கொண்டார்.

நாலு மிஞ்சியது. என் பெயர் சுவிசேஷமுத்து. பைபிளில் சுவிசேஷம் நாலு. எனக்கு அந்த எண் உறுத்தவில்லை. ஸ்டோரில் என் மேசைக்கு நாலு வந்தது.

ஆறாம் எண்தான் குளிர் அறை. அதில் சுழற்றுகிற வட்டே கிடையாது. கையுறை போட்ட விரல், அதுவும் விறைத்த விரல், எண்ணைச் சுழற்றாது என்று எட்மண்ட் யோசித்திருந்தார். ரிசீவரை எடுத்தால் போதும், நேராக வெளியே ஓர் எண்ணில் மணி அடிக்கும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் கூப்பிடுவதற்கு. அதிக நேரம் உள்ளே இருக்கிறவன் நான். அப்படியானால் அந்த போனை எனக்காகத்தான் வைத்தார் என்று சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. அதில் சந்தேகமே வேண்டாம்.

எந்த எண்ணில் அடிக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். முதலாளியின் ஒன்றில் விடலாம் என்றார் எட்மண்ட்.

“காலையில எடுக்கிற மொத போனு ஆபத்துன்னு வரணுமா? வேற எங்கயாச்சும் விடு.”

தவ்கேயின் அதிர்ஷ்ட எட்டில் விடலாமா என்றதற்கு அவர் குப்பைக்கூடையில் துப்பினார். பிரிஜட் சனிக்கிழமை பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவாள், கணக்கு மேசைக்கு மாசக் கடைசியில்தான் ஆள் வரும். எட்மண்ட் தன் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்லாவில் விட்டால் வாடிக்கைக்காரர் காதில் விழும், கறிக்கு நடுவில் மனுஷன் மாட்டிக்கொண்டான் என்று வெளியே தெரியும் என்று முதலாளி தடுத்துவிட்டார். கடைசியில் எல்லாரும் நாலைப் பார்த்தார்கள். ஏற்கெனவே கெட்ட எண், இன்னும் என்ன கெட்டுவிடும்?

ஆக, நான் குளிர் அறையில் மாட்டிக்கொண்டால் வெளியே என் மேசையில் மணி அடிக்கும். நானே போய் எடுத்து என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். எட்மண்டும் சிரித்தார்.

“டெம்பரரிதான் அங்கிள். அடுத்த மாசம் வடிவேலு வந்து மாத்திடுவாரு.”

பரீட்சை பார்க்க அவர் உள்ளே போய் ரிசீவரை எடுத்தார். என் மேசையில் மணி அடித்தது. எடுத்து, “சுவிசேஷமுத்து பேசறேன்” என்றேன்.

“அங்கிள், ‘ஸ்டோர்’னு சொல்லணும்லா. பேரெல்லாம் யாரும் கேக்கல.”

சரி என்றேன். பெரிய விஷயமா அது?

சார், அந்தப் பெயர் அட்டைகளைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதனால் சொல்கிறேன், அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயதுவரை எழுத்துத் தெரியாது. சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான். பிறகு கோயில் மண்டபத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். என்னைவிடக் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்து என்னைவிட நீளமான பெயரை எழுதிப் பழகினேன். அந்த ‘சுவிசேஷ’வைத் தாண்டுவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. கதை அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் ஐந்து வயதில் செய்கிற காரியம்.

கருவிகள் வந்தபோது எண்ணோடு பெயரும் இருந்தால் நல்லது என்று பட்டது. புதுச் சட்டைக்குள் வருகிற வெள்ளை அட்டையை வெட்டி, மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் எழுதி ஒவ்வொரு கருவியிலும் ஒட்டினேன். 1 மருதப்பன். 7 ஆமினா பீவி. 4 சுவிசேஷமுத்து. தவ்கேயின் பெயரைச் சீனத்தில் அவரையே எழுதித் தரச் சொல்லிப் பார்த்து வரைந்தேன். ஆமினா பீவி தன் அட்டையைத் துணியால் துடைப்பார், கருவியைத் துடைக்க மாட்டார்.

எட்மண்ட் அன்றைக்கு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். “அங்கிள், கையெழுத்து சூப்பர். முத்து முத்தா இருக்கு,” என்றார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கினேன், அவ்வளவே.

அப்புறம் அவர் ஒரு லேபிள் துப்பாக்கி வாங்கி வந்தார். சக்கரத்தைத் திருப்பி அழுத்தினால் சிவப்பு பிளாஸ்டிக் நாடாவில் வெள்ளையாக எழுத்து புடைத்துக்கொண்டு வரும், டக் டக் என்று சத்தம். பார்த்ததற்கெல்லாம் லேபிள் அடித்தார். ஃபேனுக்கு FAN. சுவிட்சுக்கு SWITCH. கக்கூசுக்கும் அடித்தார், அதுவரை நாங்கள் அதை வாசனையால்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். குளிர் அறைக் கதவுக்கு KEEP DOOR SHUT. கருவிகளில் இருந்த அட்டைகளைப் பிய்த்துவிட்டு DIRECTOR, CASHIER, STORE என்று ஒட்டினார்.

“ஏன் தம்பி?” என்று கேட்டேன்.

“நம்பர் ஆளுக்கு இல்ல அங்கிள், எடத்துக்கு. ஆள் மாறும், நம்பர் மாறாது. நாளைக்கு நீங்க ரிட்டையர் ஆனா இன்னொருத்தர் வருவாரு. அவரும் ஸ்டோர்தான்.”

சரியான பேச்சு. பிய்த்த அட்டைகளையும் அவர் வீணாக்கவில்லை. முதலாளியின் அட்டையை மடித்து, பல்லில் மாட்டிய இறால் ஓட்டை எடுத்ததை நான் பார்த்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. கோள் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அன்றிலிருந்து கடையில் ஒரு விளையாட்டு. “என்ன ஸ்டோரண்ணே, சாப்ட்டாச்சா?” என்பார் ஆமினா பீவி. “ஸ்டோருக்கு ஏதுங்க பசி, அதான் உள்ளாற நெறைய ஆடு இருக்கே,” என்பேன் நான். லாரிக்காரர்கள்கூட ‘மிஸ்டர் ஸ்டோர்’ என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தவன் மனதில் வைத்துக்கொள்வானா? என் அட்டை மட்டும் பிய்க்கும்போது முழுசாக வந்தது. அதை எடுத்து, கருவியின் அடிப்பக்கம் ஒட்டிவைத்தேன். யார் கண்ணிலும் படாது.

அடுத்தது கதவு. உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு, அது ஆடத் தொடங்கியது. எட்மண்ட் ஸ்டோரில் என் பக்கத்தில் நின்றபோது சொல்லப் போனேன்.

“தம்பி, அந்தக் கைப்பிடி...”

“அங்கிள், கத்துறது, பக்கத்துல வந்து சொல்றது எல்லாம் வேணாம்னு சொன்னேன்ல? எதா இருந்தாலும் போன்லலா. அதுக்குத்தானே இவ்ளோ கம்பி இழுத்தீங்க?”

விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாகவே என் மேசைக்குப் போய் ஐந்தைச் சுழற்றினேன். மாடியில் அவர் மேசையில் மணி அடித்தது. அவர் கீழே எனக்கு எதிரில் நின்று, தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்தை யாரும் எடுக்கவில்லை. நான் ரிசீவரை வைத்துவிட்டேன். சொல்ல வேண்டிய வழியில் சொல்லியாகிவிட்டது.

சில நாளில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுப் போவார்கள். எட்மண்டுக்கும் தெரியும். கட்டைக்கும் ஒரு லேபிள் அடித்தார், WEDGE என்று.

இப்போது நீங்கள் கேட்ட சனிக்கிழமை.

அரை நாள் வேலை. முதலாளி, தவ்கே, பிரிஜட் எல்லாரும் போய்விட்டார்கள். முன்னால் ஆமினா பீவி கல்லாவை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். நான் மேசையில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தேன். எட்மண்ட் துப்பாக்கியோடு வந்தார். என் மேசைப் பக்கத்தில் நிற்கிற ஃபேன் ஒரு கால் குட்டை, ஓடும்போது குடிகாரன் மாதிரித் தள்ளாடும். அவர் அதைப் பார்த்தார், அடியில் கொடுக்க ஏதாவது தேடினார். டெலிபோனைத் தூக்கினார். என் அட்டை இருந்தது.

“ஐயோ அங்கிள், இத இன்னுமா வெச்சிருக்கீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. பாசமாகத்தான் கேட்டார். அட்டையைப் பிய்த்தார், நடுவில் மடித்தார், இன்னொரு தரம் மடித்தார், ஃபேனின் காலுக்கு அடியில் செருகினார். ஃபேன் ஆடுவது நின்றது. “பாத்தீங்களா?” என்றார். பயனுள்ள வேலைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் சோற்றைப் பிசைந்தேன்.

“அம்மா ஞாயித்துக்கிழம சமைக்கக் கறி கேட்டாங்க. ஒரு நல்ல தொடையா எடுத்துக்கிறேன் அங்கிள். ஒரு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு அரைக்கைச் சட்டையோடு குளிர் அறைக்குள் போனார். கட்டையை இடுக்கில் வைத்தார். கொக்கிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது, கொஞ்சம் விசிலும் கேட்டது.

முதல் நாள் உங்களிடம் கட்டை நழுவியிருக்கும் என்று சொன்னேன். நழுவியிருக்கவும் கூடும், தரை ஈரம். ஆனால் கதவு திறந்திருந்தால் குளிர் வெளியே போகும், கறி கெடும். கதவில் KEEP DOOR SHUT என்று மேனேஜரே ஒட்டியிருக்கிறார். பெரிய எழுத்து, கஷ்டப்படாமல் படித்துவிடலாம். நான் எழுந்து கையைக் கழுவினேன். எச்சில் கையோடு கதவைத் தொடக் கூடாது. கட்டையை எடுத்தேன். கதவை மூடினேன். கட்டையை அலமாரியில் WEDGE என்று லேபிள் ஒட்டிய இடத்தில் வைத்தேன். அதற்கும் அவர் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். நாலாம் எண் அடித்தது.

டெலிபோனைப் பார்த்தேன். சிவப்பு நாடாவில் STORE என்று இருந்தது. சார், நான் சட்டப்படி நடக்கிறவன். அந்தக் கருவியில் என் பெயர் இருந்த காலத்தில் ஒரு தடவைக்கு மேல் மணி அடிக்க விட்டதே இல்லை, பிரிஜட்டைக் கேளுங்கள். இப்போது அது ஸ்டோரைக் கூப்பிட்டது. ஸ்டோர் என்பது யாரோ ஓர் ஆள். நாளைக்கு வரப்போகிறவராகக்கூட இருக்கலாம்.

முன்னாலிருந்து ஆமினா பீவி குரல் கொடுத்தார். “முத்தண்ணே, போனு!”

“எனக்கில்ல ஆமினாம்மா. ஸ்டோருக்கு.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப ஸ்டோரயே எடுக்கச் சொல்லுங்க! நான் போறேன், மாவரைக்கக் குடுத்தது வாங்கணும்,” என்று முன்கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவை நீங்கள் தொந்தரவு பண்ணக் கூடாது. எங்கள் பழைய விளையாட்டு என்றுதான் அவர் நினைத்தார். இன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறார், நான் பார்த்தேன். நான்தான் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லவில்லையே, எனக்கில்லை என்றுதானே சொன்னேன் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மணி நின்றது, மறுபடி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. சாப்பிட்டு முடித்தேன். தமிழ்ப் பேப்பரை விரித்தேன். எனக்கு வாய்விட்டு, விரலை வரிக்கு அடியில் ஓடவிட்டுத்தான் படிக்க வரும். மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. சுவா சூ காங் பக்கம் பண்ணைகளை எடுத்துவிட்டு வீடு கட்டப்போகிறார்களாம். அந்தச் செய்தியை முழுக்கப் படித்தேன். நடுவில் குனிந்து ஃபேனின் காலைத் தூக்கி என் அட்டையை எடுத்தேன். நீங்கள் என் சட்டைப்பையிலிருந்து எடுத்தீர்களே, அதுதான். மடிப்பு சரியாக என் பெயரின் நடுவில் விழுந்திருந்தது. ஃபேன் மறுபடி தள்ளாட ஆரம்பித்தது.

பிறகு மணி அடிப்பது குறைந்தது. பின்கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அந்தோனியம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எட்மண்டின் அம்மா. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான்.

“முத்தண்ணே, எட்மண்ட் நேத்து வீட்டுக்கு வரலையே. ஏதும் சொன்னானா?”

“ஜொகூர் போறதப் பத்திச் சிநேகிதப் பையங்களோட பேசிக்கிட்டு இருந்தாரும்மா. போன வாரம்.”

‘போன வாரம்’ என்பதையும் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை.

“எங்க போனாலும் ஒரு போன் பண்ண மாட்டானா?”

“பண்ணியிருப்பாரும்மா. யாரும் எடுத்திருக்க மாட்டாங்க.”

இதைவிட உண்மையாக நான் எப்படிச் சொல்வது? அவர் கொஞ்சம் தேறினார். “கறி எடுத்துக்கிட்டு வர்றேன்னான், அதான் இன்னிக்கி ஒண்ணும் வாங்கல,” என்றார். கறி கெட்டுப்போகாது அம்மா என்றேன்.

திங்கட்கிழமை முதலாளிதான் குளிர் அறையைத் திறந்தார். எட்மண்ட் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஆறாம் எண்ணுக்குக் கீழே, ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு. பார்த்தால் யாரோ அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. மடியில் ஒரு நல்ல தொடை. தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர். முதலாளி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். லிம் தவ்கே வாசலில் நின்று, நாலு, நாலு, நான் அன்றைக்கே சொன்னேன் என்று எல்லாரையும் திட்டினார். நீங்கள் வடிவேலுவைக் கூட்டி வந்து சோதித்தீர்கள். அவர் ரிசீவரை எடுத்தார், என் மேசையில் மணி கணீரென்று அடித்தது. கம்பியில் ஒரு குறையும் இல்லை, இழுத்தவர் நன்றாக இழுத்திருக்கிறார் என்று உங்களிடமே சொன்னார். அந்த நேரத்தில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது தப்பு என்று எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு என்னை விடவில்லை நீங்கள். சுவா சூ காங் கல்லறையில்தான் என்று கேள்விப்பட்டேன். கல்லில் என்ன எழுதுவார்கள்? பெயர் எழுதுவார்கள் சார். MANAGER என்று யாரும் எழுத மாட்டார்கள். அவர் மேசையில் ஐந்தாம் எண் அப்படியே இருக்கிறதாம், அடுத்த மாதம் புதிதாக ஒருவர் வருகிறாராம். ஆள் மாறும், நம்பர் மாறாது என்று அந்தத் தம்பி சொன்னது சரிதான். கெட்டிக்காரப் பிள்ளை.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். கட்டையை எடுத்தது நான். கதவை மூடியது நான். உள்ளே இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். அந்த மணியை ஆறாம் எண் ஒன்றைத் தவிர வேறு எதுவும் அப்படி விட்டு விட்டு அடிக்க வைக்க முடியாது என்பதும் தெரியும், கம்பி இழுத்தவனுக்குத் தெரியாதா? நான் எடுத்திருந்தால் அவர் இன்றைக்கு மாடியில் டை கட்டிக்கொண்டு இருந்திருப்பார். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அட்டைக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு சட்டை அட்டைக்காக மனுஷன் மனுஷனைக் கொல்வானா? அவ்வளவு அற்பமானவன் இல்லை நான்.

தம்பி அடித்து முடித்துவிட்டாரா? கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். கொஞ்சம் நேரம் ஆகும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற கோட்டுக்குக் கீழே மட்டும் STOREKEEPER என்று அடித்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார், அப்புறம் இதில் சொன்ன எதுவும் நான் சொன்னது இல்லை, யாரோ ஸ்டோர் சொன்னது. பேனாவைக் கொடுங்கள், என் பெயரை நானே எழுதுகிறேன். அவசரப்படுத்தாதீர்கள். பொறுமையாக எழுதினால் என் எழுத்து அழகாக வரும், எட்மண்டே சொல்லியிருக்கிறார்.